அட்சதைத் தட்டு யார் கையில?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காவிரிப் படித்துறையில கால் வெக்க இடமில்ல. எங்க உறையூர்த் தெருவே திரண்டு வந்திருந்துச்சு. புளியோதரை, தேங்கா சாதம், தயிர் சாதம் மூணையும் அம்மா காலையிலேயே கிளறித் தூக்குல கட்டிட்டு வந்தா. எதிர்வீட்டு சுலோச்சனா ஆன்ட்டி எல்லாப் பொம்பளைங்களுக்கும் வரிசையா மஞ்சக் கயிறு கட்டிவிட்டாங்க. அம்மாகிட்ட வந்ததும் அவங்க கை தானா தாண்டி என் மணிக்கட்டுக்கு வந்துருச்சு. அப்பா போனதுலேருந்து வருஷா வருஷம் இப்படித்தான். அம்மா ஒண்ணும் நடக்காத மாதிரி அவங்க தட்டுல இன்னொரு கரண்டி புளியோதரை வெச்சா.

திரும்பி வர்றப்ப ஆட்டோவுல, வெளிய வேடிக்கை பாத்துக்கிட்டே சொன்னா. "மேகலா, நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். சந்தானம் சாரை."

"எந்த சந்தானம் சார்?"

"இன்வெர்ட்டர்."

ஆட்டோக்காரர் கண்ணாடியில எங்களைப் பாத்தாரு. நான் அவரைப் பாத்து, "ரோட்டைப் பாத்து ஓட்டுங்கண்ணே"ன்னேன்.

சந்தானம் சார் பேட்டரிக் கடை வெச்சிருக்காரு. மனைவி இல்ல, பிள்ளைங்களும் இல்ல. மாசா மாசம் பையைத் தூக்கிட்டு வந்து எங்க இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊத்திட்டு, காபி குடிச்சிட்டுப் போவாரு. ரெண்டு வருஷமா நடக்குது. இப்ப யோசிச்சா எனக்கே என்னை அறையணும் போல இருக்கு. அம்மா பொண்ணுங்க ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட். டிஸ்டில்ட் வாட்டர்லயே காலந்தள்ளுறவளுக்கு ஒரு பேட்டரிக்கு ஊத்தத் தெரியாதாமா!

ஆவணியில வெச்சுக்கறாங்களாம். அவர் எங்க வீட்டுக்கே வந்துடறதா பேச்சாம்.

எனக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல. நான் என்ன பத்தாம்பசலியா? எழுதியே வெச்சுக்கறேன். எனக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆபீஸ்லேருந்து வர்றப்ப டிஸ்டில்ட் வாட்டர் அஞ்சு லிட்டர் கேன் ஒண்ணு வாங்கினேன். நானே ஊத்திட்டேன். விளிம்பு வரைக்கும். இனிமே இதுக்காக யாரும் மெனக்கெட்டு வர வேண்டாம்.

ஆகஸ்ட் 6, புதன்

அம்மா டிபன் பாக்ஸ் மூடிக்கிட்டே கேட்டா. "ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் போன்ல ஆடுற பாடுற பத்திரிகை பண்றியே, எனக்கு ஒண்ணு பண்ண மாட்டியா?"

"எதுக்கும்மா? ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்தா முடிஞ்சுது."

அம்மா மூடியை வெச்சுட்டு என்னை நேரா பாத்தா. "திருட்டுத்தனமா பண்ண எனக்கு இஷ்டமில்லடி. நாலு பேரைக் கூப்பிட்டு, உக்கார வெச்சு, சாப்பாடு போட்டுப் பண்ணணும். கூப்பிட முடியாத கல்யாணம்னா எனக்கு அது வேண்டவே வேண்டாம்." சொல்லிட்டு ஸ்கூலுக்குக் கிளம்பிட்டா. செருப்பு மாட்டுற சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா கேட்டுச்சு.

சாயந்தரம் அவளே சமாதானமா வந்து, அப்படி என்னதான் வேலை பாக்கறேன்னு கேட்டா. இத்தனை வருஷத்துல முதல் தடவை. சொன்னேன். வெப் பக்கத்துல பொம்மைங்க நடக்கும், தொட்டா திரும்பும், பூ போட்டா பூ விழும். ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியா எழுதிட்டிருந்தா தாவு தீந்துரும். அதனால முதல்ல ஒரு அச்சு எழுதுவோம். அதுக்குப் பேரு கிளாஸ். அதுலேருந்து வேணுங்கற அளவுக்கு ஆப்ஜெக்ட் எடுத்துக்கலாம். பேரு வேற, சட்டை வேற, நடை வேற, அச்சு ஒண்ணுதான்.

"இடியாப்ப அச்சு மாதிரி."

"அதேதான்."

"அழைப்பிதழுக்கும் அச்சு இருக்கா?"

"இருக்கு. நான்தான் எழுதினேன்."

"அப்ப எனக்கும் ஒண்ணு பிழி"ன்னுட்டு வெண்டைக்கா நறுக்கப் போயிட்டா.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மதியம் வேலை இல்லாத நேரம் பாத்து அம்மாவோட அழைப்பிதழை ஆரம்பிச்சேன். அச்சுக்கு அஞ்சு விஷயம் குடுக்கணும். மணமகள், மணமகன், நாள், இடம், அழைப்பவர். மணமகள்னு இருக்கற இடத்துல அம்மா பேரை அடிக்கக் கை கூசுச்சு. "தமயந்தி உலகநாதன்"னு போடவா, வேற எப்படின்னு போன் பண்ணிக் கேட்டேன். "ந. தமயந்தி. எங்கப்பா இனிஷியல் போதும்"னா. நாளும் இடமும் முடிவாகாததால சும்மா எதையோ போட்டு, நாலாவது வரைக்கும் குடுத்துட்டு ஓட விட்டேன்.

திரை வெள்ளையா நின்னுச்சு. நடுவுல ஒரே வரி: "யாருப்பா கூப்பிடறது?"

இந்த வரியை எழுதினவளும் நான்தான். போன வருஷம் ஒரு பார்ட்டிக்கு அழைப்பவர் பேர் இல்லாமலே பக்கம் போயிருச்சு. பொண்ணோட பெரியப்பா ஆபீஸ் வாசல்ல வந்து குதிச்சாரு. அன்னிக்கே அச்சுல ஒரு கட்டளை வெச்சேன். அழைப்பவர் இல்லேன்னா அழைப்பிதழ் பிறக்கவே கூடாது. ஆபீஸ்ல எல்லாரும் சிரிக்கட்டும்னு அந்த வரியை வேற போட்டேன். இன்னிக்கு அது என்னையே கேக்குது.

கல்யாணப் பத்திரிகைன்னா அப்பா அம்மா கூப்பிடணும். அவங்க இல்லேன்னா பெரியவங்க கூப்பிடணும். அம்மாவைப் பெத்தவங்க ரெண்டு பேரும் இல்ல. மிச்சம் இருக்கறது துறையூர்ல குணசேகர் மாமா. அம்மாவோட அண்ணன். மாமா பேரைப் போட்டா அடக்கமா, அழகா இருக்கும். ஞாயித்துக்கிழமை போய்க் கேக்கறேன்.

பக்கத்து சீட்டு ஃபைசல் எட்டிப் பாத்தான். அவன் படம் வரையறவன், நான் அதை ஆட வெக்கறவ. "உன் பேரைப் போட்டா ஓடுமே"ன்னான்.

"சின்னவங்க பேர் போடற வழக்கமில்லடா."

"சரி தாயே"ன்னு திரும்பிட்டான். அவனுக்கு நம்ம வழக்கம் என்ன தெரியும்!

ஆகஸ்ட் 10, ஞாயிறு

துறையூர் பஸ்ல நின்னுக்கிட்டே போனேன். மாமா என்னைப் பாத்ததும் பாயா வாங்க ஆளனுப்பினாரு. அத்தை இடியாப்பம் சுட்டாங்க. சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் யாரும் பேச்செடுக்கல. கை கழுவிட்டு நானே ஆரம்பிச்சேன்.

"தங்கச்சி நல்லா இருக்கணும்னுதான்டா எனக்கும்"னாரு மாமா. "வர்றேன். சாப்பிடறேன். மொய் எழுதறேன். ஆனா பத்திரிகையில என் பேர் மட்டும் வேண்டாம். இங்க நான் வியாபாரிங்க சங்கத் தலைவர். நாளைக்குக் கடைத்தெருவுல நடக்க முடியாது."

"நீங்க கூப்பிட்டாத்தான் மாமா அது கல்யாணம்."

"ஏன், கூப்பிட வேற ஆளே இல்லயா?"

"வேற யாரு இருக்கா?"

மாமா என்னைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, அத்தையைப் பாத்தாரு. அத்தை எந்திரிச்சுப் போய் எனக்கு முறுக்கு கட்டிக் குடுத்தாங்க. பஸ்ல முறுக்கைத் தின்னுக்கிட்டே வந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு.

அம்மாகிட்ட மாமா சொன்னதைச் சொன்னேன். "அவன் அப்படித்தான் சொல்லுவான்"னா. அப்புறம் ஏதோ சொல்ல வந்தவ மாதிரி நின்னா. நான் குளிக்கப் போயிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மழை. துணி காயல.

ஆகஸ்ட் 13, புதன்

அழைப்பவர் இடத்துல தற்காலிகமா "யாரோ"ன்னு போட்டு ஏமாத்தி ஓட விட்டுட்டு, மத்த வேலையைப் பாக்கறேன்.

விருந்தாளிங்களுக்கு ஒரு அச்சு. அதுலேருந்து மாமா, அத்தை, ஸ்கூல் டீச்சருங்க, சுலோச்சனா ஆன்ட்டி எல்லாரையும் எடுத்தாச்சு. ஃபைசல் வரைஞ்சது பிரமாதம். சந்தானம் சார் வேட்டி சட்டையில, தோள்ல அந்தப் பை. "மாப்பிள்ளை பையோடவாடா நிப்பாரு?"ன்னா, "அது இல்லேன்னா அடையாளம் தெரியாது"ங்கறான். சிரிச்சுட்டேன். குழந்தைகளுக்கு அதே விருந்தாளி அச்சிலேருந்து இன்னொரு அச்சைப் பிரிச்சேன். நடக்கற இடத்துல ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏற்பாடு இதுதான். பக்கத்தைத் திறக்கறவங்க அவங்கவங்க பொம்மையைத் தொட்டா, அது கையில இருக்கற அட்சதையைப் போடும். ஆளுக்கு ஒரு கை நிறைய.

ஓட விட்டா கூத்து. மாமா பொம்மையைத் தொட்டேன், போட்டாரு. அத்தையைத் தொட்டேன், பாதி அரிசிதான் இருந்துச்சு. ஆன்ட்டியைத் தொட்டா வெறுங்கையை வீசறாங்க! ஒருத்தர் எடுத்தா எல்லார் கையிலயும் குறையுது. மதியம் பூரா மண்டையைப் பிச்சுக்கிட்டேன். கடைசியில பாத்தா, அரிசி இருக்கற பட்டியலை ஒவ்வொரு பொம்மை பிறக்கறப்பவும் புதுசா குடுக்காம, அச்சுலயே ஒண்ணே ஒண்ணா வெச்சுத் தொலைச்சிருக்கேன். எல்லாருக்கும் பொதுவா ஆயிருச்சு. இந்தத் தொழிலுக்கு வந்த முதல் மாசம் பண்ற தப்பு. ஏழு வருஷம் கழிச்சுப் பண்றேன். புத்தி எங்க இருந்துச்சோ.

நாளைக்குச் சரி பண்ணணும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. அம்மா லேப்டாப் முன்னால உக்காந்து கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டா. இன்னும் சரி பண்ணல, பாக்காதேன்னேன். கேக்கறவளா!

தன் பொம்மையைப் பாத்து, "புடவை நல்லா இருக்கு, மூக்குதான் பெருசு"ன்னா. சார் பொம்மையைப் பாத்து வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. அப்புறம் ஒவ்வொருத்தரையா தொட்டு அட்சதை போட வெச்சா. ஆன்ட்டியைத் தொட்டப்ப வெறுங்கை.

"அதான் சொன்னேனே, தப்பு இருக்கு. ஒரே பட்டியல்லேருந்து எல்லாரும் எடுக்கறாங்க. ஆளுக்கொண்ணு குடுத்துடறேன்."

"இதுல என்னடி தப்பு?"ன்னா அம்மா. "கல்யாண வீட்டுல ஆளுக்கொரு தட்டா வெப்பாங்க? ஒரே தட்டுதான். அதை ஒருத்தர் எல்லார்கிட்டயும் எடுத்துட்டுப் போவாங்க. தீந்தா ரொப்பிட்டு வருவாங்க."

ஏழு வருஷமா கல்யாணப் பத்திரிகை பண்றேன். எனக்கு இது தோணவே இல்ல.

"தட்டு யார் கையில?"ன்னு கேட்டா.

"இன்னும் யார் கையிலயும் இல்ல."

அம்மா மறுபடி எல்லாப் பொம்மையையும் ஒரு சுத்து பாத்தா. "ஆமா, உன்ன எங்க காணோம்?"

"நான் எழுதறவ. எழுதறவ உள்ள வரக் கூடாது."

அப்படி ஒரு விதியும் கிடையாது. வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். அம்மா கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுப் போய்ப் பூரிக்கு மாவு பிசைஞ்சா.

ஆகஸ்ட் 18, திங்கள்

அம்மா சொன்னபடியே மாத்தி எழுதினேன். தட்டு இப்ப தனி ஆப்ஜெக்ட். அதை ஒருத்தர் கையில குடுக்கணும். அந்த ஒருத்தர் அழைப்பவரா இருந்தாத்தான் முறை. கூப்பிட்டவங்கதானே வந்தவங்களுக்குத் தட்டை நீட்டணும்! அப்படியே கட்டிட்டேன். அழைப்பவர் எங்க போறாரோ தட்டு கூடவே போகும். ரொம்ப சுத்தமான ப்ரோக்ராம். எனக்கே பெருமையா இருக்கு.

"யாரோ"ங்கற பேருக்குப் பொம்மை இல்ல. அதனால தட்டு மட்டும் அந்தரத்துல தனியா சுத்தி வருது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சாயந்தரம் கரன்ட் போச்சு. இன்வெர்ட்டரும் கீச்சுன்னு கத்திட்டு அணைஞ்சுருச்சு. போய்ப் பாத்தா பேட்டரி பொங்கி, தரையெல்லாம் ஆசிட் தண்ணி. நான் விளிம்பு வரைக்கும் ஊத்தின தண்ணிதான். அம்மா என்னைப் பாத்தா, கேனைப் பாத்தா, சாருக்குப் போன் போட்டா.

சார் பத்து நிமிஷத்துல வந்துட்டாரு. அவர் சொல்றதுக்கு முன்னாடியே அம்மா சமையல் சோடா டப்பாவோட நின்னா. அவர் பழந்துணியால ஒத்தி எடுக்க எடுக்க, அம்மா பின்னாலேயே சோடாவைத் தூவிக்கிட்டே வந்தா. புஸ்ஸுன்னு நுரை வந்து அடங்குச்சு. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல. அவர் கையை நீட்டறதுக்குள்ள அடுத்த துணி வந்துருது. நான் டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவங்களுக்கு டார்ச்சே தேவைப்படலன்னு நெனைக்கறேன்.

"நான்தான் சார் ஊத்தினேன். ஜாஸ்தி ஆயிருச்சு"ன்னேன்.

"பரவால்லம்மா. எல்லாரும் முதல் தடவை அப்படித்தான் ஊத்துவாங்க"ன்னாரு. வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, அம்மாவுக்குக் கேக்காத மாதிரி மெதுவா சொன்னாரு. "உங்கம்மா நேத்திக்கே சொல்லிட்டாங்க. கூப்பிட ஆளில்லாத கல்யாணம் வேண்டாம்னு. என் பக்கம் அக்கா பேரு இருக்கு. ஆனா அவங்க பக்கம் காலியா விட்டுட்டு என் பக்கம் மட்டும் போட்டா நல்லாவா இருக்கும்? நானும் சரின்னுட்டேன். நீங்க சங்கடப்படாதீங்க. அடுத்த மாசத்துலேருந்து பேட்டரிக்குக் கடையிலேருந்து வேற ஆளை அனுப்பறேன்."

காபி குடிக்காம போயிட்டாரு.

ஆகஸ்ட் 20, புதன்

சாம்பார்ல உப்பே இல்ல. அம்மாவுக்குத் தெரியல. நானும் சொல்லல.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆபீஸ் போனதும் அழைப்பிதழைத் திறந்தேன். "யாரோ"வை அழிச்சேன். உடனே திரை கேட்டுச்சு: "யாருப்பா கூப்பிடறது?"

வழக்கமில்ல, முறையில்லன்னு சொன்னதெல்லாம் சும்மா. என் பேரைப் போட்டா அப்பாவை நானே வாசல் வரைக்கும் போய் வழியனுப்பற மாதிரி இருந்துச்சு. அதான் நெஜம். மாமா பேரைப் போட்டா, நான் ஓரமா நின்னு வேடிக்கை பாத்துட்டு வந்துடலாம்னு பாத்தேன். எங்கம்மா தன் கல்யாணத்துக்குக் கூப்பிட ஆள் தேடிக்கிட்டிருந்தா. நான் அவ எதிர்லயே உக்காந்து டிபன் தின்னுக்கிட்டிருந்தேன்.

அடிச்சேன். "என் அம்மா ந. தமயந்திக்கும் திரு. ச. சந்தானகிருஷ்ணன் அவர்களுக்கும் வர்ற ஆவணி 19, செப்டம்பர் 4 வியாழக்கிழமை கல்யாணம். நீங்க குடும்பத்தோட கட்டாயம் வரணும். கூப்பிடறது, மகள் உ. மேகலா."

உலகநாதனோட உ. அப்பாவும் பத்திரிகையில இருக்காரு. யாரும் எங்கயும் போகல.

"ஃபைசல், எனக்கு ஒரு பொம்மை வேணும். இப்பவே"ன்னேன்.

அவன் திரும்பிக்கூடப் பாக்கல. "ஃபோல்டர்லதான் கிடக்கு. முதல் நாளே வரைஞ்சுட்டேன். கையை மட்டும் நீட்டின மாதிரி வெச்சிருக்கேன், பூவோ தட்டோ எதாவது பிடிச்சுக்க."

ஓட விட்டேன். பச்சைப் புடவையில மேகலா தட்டோட உள்ள வந்தா. ஒவ்வொருத்தர்கிட்டயா நின்னு நீட்டினா. கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. ஃபைசல் டிஷ்யூ பேப்பரை என் பக்கம் தள்ளிட்டு, "ஜடை நீளமா வெச்சிருக்கேன், ட்ரீட் வெச்சிரு"ன்னான்.

லிங்க்கை அம்மாவுக்குத்தான் முதல்ல அனுப்பினேன். லேப்ல இருந்திருப்பா. ரொம்ப நேரம் பதிலே இல்ல. அப்புறம் போன். மூக்கை உறிஞ்சற சத்தம். "தேதியைக் கேக்காமலே போட்டுட்டியேடி. அவருக்கு அன்னிக்குக் கடை இருக்கான்னு கேக்க வேண்டாமா?"

"அன்னிக்கு முகூர்த்த நாள். கடையை மூடச் சொல்லு"ன்னேன்.

சாயந்தரம் சாருக்கும் நானே போன் பண்ணினேன். "சார், கல்யாணத்துக்குக் கூப்பிடறேன். நீங்க கண்டிப்பா வரணும்." கையில இருந்ததைக் கீழ வெக்கற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "வந்துடறேம்மா"ன்னாரு. சித்தப்பான்னு கூப்பிட வாய் வரல, சார்னே கூப்பிட்டுக்கறேன்னு சொன்னேன். "சார் போதும். நல்லாத்தானே இருக்கு"ன்னாரு.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டையில பாதி வெடிச்சுருச்சு. அம்மா பாடிக்கிட்டே வேகவெச்சதால கவனிக்கல.

மாமா போன் பண்ணினாரு. எடுத்ததுமே சத்தம். "என் பொம்மைக்கு எதுக்குடி இவ்ளோ பெரிய தொப்பை?"

"இருக்கறதைத்தானே மாமா வரைய முடியும்."

"கொழுப்பு. சரி, இந்தத் தட்டுல ஒரு பிடிதான் எடுக்க முடியுமா? நான் அஞ்சாறு தடவை தொட்டுப் பாத்துட்டேன். சங்கத்துல எல்லாரும் தொட்டுப் பாத்தானுங்க."

எதுக்கு சங்கத்துல காட்டினீங்கன்னு கேக்க வாய் வந்துச்சு. கேக்கல. "நேர்ல வாங்க மாமா, ரெண்டு பிடி தர்றேன்"னேன்.

செப்டம்பர் 4, வியாழன்

முடிஞ்சுது. சின்ன ஹால்தான், நெறைய கூட்டம். துறையூர்லேருந்து மாமா வேனே வெச்சு ஆள் கூட்டிட்டு வந்தாரு. தாலி கட்டற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால என் கையிலேருந்து தட்டை வாங்கப் பாத்தாரு. "குடும்மா, நான் கொண்டு போறேன்."

"இது என் வேலை மாமா. நீங்க எடுத்துக்குங்க"ன்னு நீட்டினேன். ரெண்டு கையாலயும் அள்ளினாரு.

சுலோச்சனா ஆன்ட்டிகிட்ட நின்னப்ப அவங்க குனிஞ்ச தலை நிமிரல. "அடுத்த ஆடிக்கு உங்கம்மாவுக்கு நான்தான் முதல்ல கயிறு கட்டுவேன்"னு சொல்லிட்டு அட்சதையை எடுத்துக்கிட்டாங்க. தட்டு ரெண்டு தடவை காலியாச்சு. ரெண்டு தடவையும் ஓடிப் போய் ரொப்பிட்டு வந்தேன். மேளம் கொட்டினப்ப எல்லாரும் ஒண்ணா போட்டாங்க. எனக்குன்னு எடுத்து வெக்க மறந்துட்டேன். தட்டோட ஓரத்துல ஒட்டியிருந்ததை வழிச்சுப் போட்டேன்.

சார் பையைக் கொண்டு வரல. ஃபைசலுக்கு ஏமாத்தம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அம்மாவும் சாரும் குத்தாலம் போயிருக்காங்க. அருவியில நனைஞ்ச தலையோட போட்டோ அனுப்பியிருக்கா. பக்கத்துல சார், தலையில துண்டைக் கட்டிக்கிட்டு. கீழ ஒரு வரி: "பேட்டரிக்குத் தண்ணி பாத்தியா? சார் கேக்கறார்."

போய்ப் பாத்தேன். கொஞ்சம் குறைஞ்சிருக்கு. கேனும் அலமாரியிலதான் இருக்கு.

ஊத்தல. "நீங்களே வந்து ஊத்துங்க சார், உங்க வீட்டு பேட்டரிதானே"ன்னு பதில் அனுப்பினேன்.